இலைக் கணக்கில் தொடங்குங்கள்: தங்கள் கல்யாணத்தைத் தாங்களே நடத்தும் இருவருக்கு

நீங்கள் கேட்டது இதுதான். இருவருக்கும் சென்னையில் வேலை. கல்யாணம் பெண்ணின் ஊரான திருச்சியில். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அலைய முடியாது. மாப்பிள்ளை வீட்டில் முழுச் சம்மதம், ஆனால் ஓடியாடிச் செய்ய ஆள் இல்லை. கையில் ஐந்து மாதம் இருக்கிறது. செலவை இருவரும் பகிர்ந்துகொண்டு, சுமார் 400 பேரை அழைத்து, ஈவன்ட் கம்பெனி எதுவும் இல்லாமல் நாங்களே நடத்த முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

முடியும். நான் திருச்சியில் ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் பதினெட்டு வருடம் கணக்கு எழுதியவன். கல்யாணங்களை மேடைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்ததைவிட ஸ்டோர் ரூம் வாசலில் நின்று பார்த்ததுதான் அதிகம். அங்கே நின்றவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இருக்கும் ஐந்து மாத வேலையை இரண்டு பேர் தாராளமாகச் செய்துவிடலாம். கல்யாணத்தன்று இருக்கும் இருபத்து நான்கு மணி நேர வேலையை மணமக்களால் செய்யவே முடியாது, செய்யவும் கூடாது. மனையில் உட்காரும்போது மனசும் மனையில் இருக்க வேண்டும். அந்த ஒரு நாளில் உங்கள் கையில் எந்த வேலையும் மிஞ்சாதபடி எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லோரும் மண்டபத்தில் தொடங்குவார்கள். நீங்கள் ஒரு நோட்டில் தொடங்குங்கள். "400 பேர்" என்பது ஒரு கணக்கே இல்லை. 400 பத்திரிகையா, 400 தலையா? இரவு ரிசப்ஷனுக்கு 400 பேரா, காலை முகூர்த்தத்துக்கா? இது தெரியாமல் மண்டபம் பிடித்தால் ஒன்று இடம் பற்றாது, அல்லது பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். ஆகவே வீடு வீடாகப் பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே எத்தனை பேர் வருவார்கள், எந்த வேளைக்கு வருவார்கள், இரவு தங்குவார்களா என்று மூன்று கட்டம். உங்கள் ஆபீஸ் நண்பர்கள் இரவுக்கு மட்டும் வருவார்கள். அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் காலையில் வந்து தாலி கட்டியதைப் பார்த்து, டிபன் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். வெளியூர் உறவு மூன்று வேளையும் இருக்கும். இந்த நோட்டை இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன பெயர்கள் அப்போதே வந்துவிடும். பத்திரிகை அடித்த பிறகு ஞாபகம் வரும் பெயர்கள்தான் வீட்டில் மனஸ்தாபம் ஆகும்.

இப்படிக் கூட்டிப் பார்த்தால் உங்கள் கல்யாணம் ஏறக்குறைய இப்படி நிற்கும் என்று நினைக்கிறேன்: ரிசப்ஷன் இரவு 380 இலை, காலை டிபன் 170, முகூர்த்தச் சாப்பாடு 250. ஆக, 400 பேர் கல்யாணம் என்பது 800 இலை. இரவு இலை 350 ரூபாய், டிபன் 150, மதியம் 250 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ரேட் ஊருக்கு ஊர், மெனுவுக்கு மெனு மாறும். கணக்குப் போடும் விதத்துக்காகத்தான் சொல்கிறேன். 1,33,000 + 25,500 + 62,500, மொத்தம் 2,21,000 ரூபாய். இதே கணக்கில் இரவு இலையில் 60 குறைந்தால் 21,000 ரூபாய் மிச்சம். அதே 60ஐக் காலை டிபனில் குறைத்தால் 9,000தான். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் எங்கே கை வைப்பது என்று இந்த நோட்டு சொல்லிவிடும். முந்தின நாள் மதியமே வந்து இறங்குகிறவர்களுக்கும், மேளக்காரர், போட்டோகிராபர், டிரைவர்களுக்கும் சாப்பாடு உண்டு. இதை எழுதாமல் விடுகிறவர்கள்தான் பெரும்பாலும். ஒரு முப்பது இலை தனியாகக் குறித்துவையுங்கள்.

நேரம் மாறினால் இலையும் மாறும். முகூர்த்தம் காலை 6 மணி என்றால் காலையில் நெருங்கிய சொந்தம் மட்டும்தான் இருக்கும். ஊரே இரவு ரிசப்ஷனுக்கு வந்துவிடும். 9 மணிக்கு மேல் என்றால் டிபனுக்கும் கூட்டம், மதியத்துக்கும் கூட்டம். ஜோசியரிடம் நாள் பார்க்கும்போதே இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு ஏன் இவ்வளவு போட்டி என்றால், அன்று விடுமுறை என்பது மட்டும் காரணம் இல்லை. ராகு காலம் மாலை 4:30க்குத்தான், எமகண்டம் மதியம் 12க்குத்தான், காலை முழுக்கச் சுத்தமாக இருக்கிறது. அதற்கு அடுத்தபடி நல்ல ஏற்பாடு, ஞாயிறு இரவு ரிசப்ஷன் வைத்துத் திங்கள் விடிகாலை முகூர்த்தம். திங்களன்று ராகு காலம் 7:30க்குத் தொடங்கும். அதற்குள் தாலி கட்டி முடித்துவிடலாம். வெளியூர் நண்பர்களுக்கு ஞாயிறு கிடைக்கிறது, மண்டபமும் கொஞ்சம் சுலபமாகக் கிடைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் வைப்பதில்லை. அதனால் ஆவணி, ஐப்பசி, தை மாதங்களின் முதல் முகூர்த்தங்களில் மண்டபம், மேளம், சமையல், பூ எல்லாமே இழுபறியாக இருக்கும். உங்களுக்கு ஐந்து மாதம்தான் இருப்பதால் ஜோசியரிடம் ஒரு நாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள், மூன்று நாள் வாங்குங்கள். அப்புறம் மண்டபத்துக்குப் போங்கள்.

மண்டபத்தில் ஹாலை அண்ணாந்து பார்க்கும் முன் சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம் என்று எண்ணுங்கள். ஒரு பந்தி உட்கார்ந்து, எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்த பந்தி உட்கார 35 முதல் 40 நிமிடம் ஆகும். 380 பேருக்கு 100 நாற்காலி என்றால் நான்கு பந்தி, இரண்டரை மணி நேரம். அதிலும் கூட்டம் சீராக வராது. ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவில்தான் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் நின்று இடம் பிடிக்கும் காட்சி அங்கேதான் தொடங்குகிறது. வயதானவர்கள் அதைப் பார்த்துச் சாப்பிடாமலே போய்விடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காது. உங்கள் எண்ணிக்கைக்கு 150 பேர் உட்காரும் கூடம் வேண்டும். ஹால் 400 பேருக்கு இருந்தால் போதும். ஆயிரம் பேர் ஹால் கம்பீரமாக இருக்கும், ஆனால் அதற்கு ஏசி போட்ட கரண்ட் பில் உங்களுடையது.

வாடகை என்று ஒரு தொகை சொல்வார்கள். அதோடு நிற்காது. கரண்ட் மீட்டர்படி தனி, ஜெனரேட்டர் மணிக்கணக்கில் தனி, கேஸ், துப்புரவு, பாத்திரம், அறைகள், ஜிஎஸ்டி, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று ஒவ்வொன்றும் இருக்கும். எல்லாவற்றையும் ரசீதின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். பல மண்டபங்களில் முந்தின நாள் பிற்பகல் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரைதான் ஒரு நாள். சமையல் ஆட்கள் காலையிலேயே வந்து இறங்கலாமா என்று கேளுங்கள். வெளிச் சமையலை உள்ளே விடுவார்களா, அலங்காரம் அவர்கள் ஆளே செய்ய வேண்டுமா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். சமையல்கட்டில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, காபியும் ருசிக்காது. அப்படியானால் தண்ணீர் லாரிக்கோ கேனுக்கோ ஒரு தொகை ஒதுக்க வேண்டும். மாடியில் சாப்பாட்டுக் கூடம் இருந்து லிப்ட் இல்லாத மண்டபத்தை எடுக்காதீர்கள். உங்கள் அம்மாவின் முழங்காலைப் போல அன்று ஐம்பது முழங்கால் வரும்.

சமையலை இரண்டு விதமாகக் கொடுக்கலாம். சரக்கெல்லாம் நாம் வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்குக் கூலி கொடுப்பது ஒன்று. இலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிடுவது இன்னொன்று. முதல் முறை மலிவாக வரும், ருசியும் நன்றாக இருக்கும். ஆனால் சரக்கு ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஸ்டோர் ரூம் சாவியோடு உட்கார வீட்டு மனிதர் ஒருவர் வேண்டும். பழைய கல்யாணங்களில் அதற்கென்றே ஒரு சித்தப்பா இருப்பார். உங்களுக்கு அப்படி ஆள் இல்லை என்பதால் இலை ரேட்டுக்கே போங்கள்.

யாரிடம் கொடுப்பது? கான்ட்ராக்டர் உங்களைக் கூப்பிட்டுப் பத்து ஐட்டம் ருசி காட்டுவார். பத்துப் பேருக்குச் சமைப்பது எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். அவர் வேறொரு கல்யாணத்தில் சமைக்கும்போது, அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு, மூன்றாவது பந்தியைப் போய்ப் பாருங்கள். முதல் பந்தியில் யாரும் குறை வைக்க மாட்டார்கள். மூன்றாம் பந்தியில் சாம்பார் நீர்த்திருக்கிறதா, பாயசம் இருக்கிறதா, கூட்டு வரும் முன்னே சோறு வந்துவிட்டதா, பரிமாறுகிறவர் இரண்டாம் முறை வந்து கேட்கிறாரா என்பதில் அந்த மனிதரின் தொழில் தெரிந்துவிடும். எங்கள் கான்ட்ராக்டர் புது வாடிக்கையாளரைத் தானே மூன்றாம் பந்திக்குக் கூட்டிப்போய் நிறுத்துவார். அதற்குத் தயங்குகிறவரை நான் எடுக்க மாட்டேன்.

மெனுவில் ஐட்டம் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். எடுத்த இலைகளில் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். ஆறிப்போன நான், இரண்டாவது இனிப்பு, வண்ண வண்ணமாக வந்த மூன்றாவது சாதம். மிஞ்சாதவை நல்ல ரசம், சூடான இட்லி, வத்தக்குழம்பு, வெண்டைக்காய் பச்சடி, அப்பளம். இரவுக்குப் பன்னிரண்டு, மதியத்துக்குப் பதினைந்து ஐட்டம் இருந்தால் அது நிறைந்த விருந்து.

உறுதி இலை என்று ஒன்று பேச வேண்டும். அதற்குக் கீழே எண்ணிக்கை போனாலும் அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். 380 எதிர்பார்த்தால் 340க்கு உறுதி சொல்லுங்கள். நல்ல மாஸ்டர் அதற்கு மேல் பத்து சதவீதம் கைக்காவலாகச் சமைத்திருப்பார். கூடுதலாக உட்காரும் இலைக்கு அதே ரேட் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பந்தி முடியும்போதும் அவர் ஆளும் உங்கள் ஆளும் சேர்ந்து வரிசை வரிசையாக இலை எண்ணி, ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் எண்ணலாம் என்று விட்டால் சண்டையில்தான் முடியும். இந்தத் தாளுக்காக நடு இரவில் பெண்ணின் அண்ணனும் எங்கள் ஆட்களும் சத்தம் போட்டுக்கொண்டதை ஒரு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். நுனியிலை வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். பெரிய முகூர்த்த நாளிலும் புயல் மழைக்குப் பிறகும் நல்ல இலைக்கு விலை ஏறும், எழுதாவிட்டால் கிழிந்த ஏடுதான் வரும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் உறை, கப், மேசை விரிப்பு முதலியவற்றுக்குத் தடை இருப்பதால் பேப்பர் ரோல், எவர்சில்வர் தம்ளர் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். எஞ்சிய சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே ஒரு முதியோர் இல்லத்தில் சொல்லி வையுங்கள். இரவு பதினோரு மணிக்குத் தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

பூ, நகை, புடவை இவற்றில் எனக்குத் தெரிந்தது குறைவு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கழி, தைப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும். தையில் கல்யாணம் என்றால் மேடைக்கு மல்லிகை கேட்காதீர்கள். மாலைக்கும் தலைக்கும் மட்டும் போதும். தாலி எந்த வீட்டு வழக்கப்படி என்று மாப்பிள்ளை வீட்டு மூத்த பெண்மணியிடம் கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். பில்லில் தங்கத்தின் எடை, சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி தனித்தனியாக இருக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி எண், அதாவது அந்த நகைக்கே உரிய அடையாள எண், இருக்க வேண்டும்; பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். கூறைப்புடவையைக் கடைசி மாதத்தில் எடுக்காதீர்கள். ஜாக்கெட் தைக்கும் அக்காவுக்கும் அதே முகூர்த்தத்தில் பத்துக் கல்யாணம் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அப்பா இல்லாத பெண்ணின் கல்யாணம் என்றீர்கள். கன்னிகாதானம் செய்து கொடுப்பது யார் என்ற பேச்சு கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் எப்படியும் வரும். சில வீடுகளில் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்வார்கள். அது உங்களுக்கும் அம்மாவுக்கும் மனநிறைவு என்றால் நல்லது. ஆனால் பெற்று வளர்த்த அம்மாவை "நீ கொஞ்சம் ஓரமாக நில்லு" என்று தூணுக்குப் பின்னால் நிறுத்துவதை நான் பல மண்டபங்களில் பார்த்தேன். அவர்கள் பெரும்பாலும் எங்கள் சமையல்கட்டுப் பக்கம்தான் வந்து நிற்பார்கள், காபி போட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். இது உங்கள் அம்மாவுக்கு நடக்கக் கூடாது.

அதைத் தடுக்க ஒரே வழி முன்கூட்டிப் பேசுவதுதான். வாத்தியாரை ஒப்புக்கொள்ளும் நாளிலேயே "அம்மாதான் என் கையைப் பிடித்துக் கொடுப்பார், அம்மா மேடையில் இருப்பார்" என்று சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொள்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். மறுத்தால் வேறு ஒருவரைப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டியவர் மாப்பிள்ளை. பெண் சொன்னால் அது வேறு மாதிரி போய்ச் சேரும். சடங்கே வேண்டாம் என்று இருவரும் நினைத்தால் அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற திருத்தத்தால், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன், மனைவியாக ஏற்கிறோம் என்று புரியும் மொழியில் சொல்வதோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்வதோ, தாலி கட்டுவதோ போதும். புரோகிதர் கட்டாயம் இல்லை. அப்படி நடந்த கல்யாணங்களில் அம்மா தாலியை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டியதைக் கண்டிருக்கிறேன். எந்த வழியானாலும் போட்டோகிராபரிடம் தனியாகச் சொல்லுங்கள்: தாலி கட்டும் நேரத்தில் ஒரு கேமரா அம்மா முகத்தில் இருக்க வேண்டும்.

போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டியது வேறு அதிகம் இல்லை. ஆல்பம் எத்தனை பக்கம், எத்தனை நாளில், எல்லாப் படங்களும் ஹார்ட் டிஸ்கில் வருமா என்று எழுதி, கடைசித் தவணையை எல்லாம் வந்த பிறகு கொடுங்கள்.

பணம். இருவரும் போடும் தொகைக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்து, எல்லாச் செலவும் அதிலிருந்தே போகட்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். கடைசி மூன்று நாளில் அதற்கு வேலை வரும். இரு வீட்டிலிருந்தும் வரும் பரிசுகளுக்குப் பெண் ஒரு பட்டியலும் மாப்பிள்ளை ஒரு பட்டியலும் எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்பு விதிகள் சொல்கின்றன. யாரும் செய்வதில்லை. செலவைச் சமமாகப் போடும் உங்களுக்கு அது சங்கடமாக இருக்காது, செய்துவிடுங்கள். மொய் மேசையில் எப்போதும் இரண்டு பேர், ஒருவர் எழுத ஒருவர் வாங்க. அந்த நோட்டு வருங்காலத்தில் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியவற்றின் கணக்கு. கையெழுத்து நன்றாக உள்ளவரை உட்கார வையுங்கள்.

இப்போது அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். ஒரு ரிசப்ஷனில் இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. மண்டபத்து ஆள் பணம் கேட்கிறார். பணம் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் எல்லாவற்றையும் மாப்பிள்ளையே தனியாகப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். இருட்டில், மேடையில், பட்டு வேட்டியும் மாலையுமாக அந்தப் பையன் போனில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெண் நின்றுகொண்டே இருந்தார். எங்கள் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேனிலிருந்த டீசலை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். ஐந்து மாதம் அவ்வளவு கச்சிதமாகத் திட்டம் போட்ட பிள்ளை, ஒரு மணி நேரத்தைக்கூட அனுபவிக்க முடியவில்லை.

அதனால் ஐந்து பேரைப் பிடியுங்கள். பணம் கொடுக்க ஒருவர், சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி விசாரிக்க ஒருவர், மேடையில் வாத்தியாருக்கும் மேளத்துக்கும் நடுவே நிற்க ஒருவர், அறைச் சாவிகளும் ஸ்டோர் ரூமும் பார்க்க ஒருவர், வண்டிகளுக்கும் தங்கும் இடத்துக்கும் ஒருவர். உடன்பிறந்தவர்களையும் தாய்மாமனையும் இதில் போடாதீர்கள். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டும், பொரியிட அண்ணனோ தம்பியோ வேண்டும், மாமனுக்கு மாலை, சீர் என்று வேலை இருக்கிறது. அவர்களுக்கு மேடையில் இடம் உண்டு. பெரியம்மா மகளின் கணவர், கல்லூரி நண்பர், நல்ல பக்கத்து வீட்டுக்காரர், இவர்கள்தான் சரி. அப்படி ஐந்து பேர் தேறவில்லை என்றால் பந்திக்கும் ஸ்டோர் ரூமுக்கும் சம்பளத்துக்கு மேற்பார்வை ஆள் வைக்கலாம். கான்ட்ராக்டரின் ஆளாக மட்டும் அவர் இருக்கக் கூடாது.

பணம் பார்ப்பவரிடம் கவர்களாகக் கொடுங்கள். ஒவ்வொரு கவரின் மேலும் யாருக்கு, பேசியது எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எவ்வளவு, போன் எண் என்ன, எப்போது கொடுக்க வேண்டும் என்று எழுதி, மீதிப் பணத்தை உள்ளே வைத்து ஒட்டிவிடுங்கள். வாத்தியார், மேளம், பூக்காரர், சமையல், மேடை அலங்காரம், வண்டி, துப்புரவு அம்மாக்கள். டீசலுக்கு ஒரு கவர். பெயர் எழுதாமல் ஐந்து கவர். வாத்தியார் தரும் சாமான் ஜாபிதாவை மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கி, சடங்கு வரிசைப்படி அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, மேலே "நலங்கு", "ஊஞ்சல்", "முகூர்த்தம்" என்று ஒட்டி மேடை ஆளிடம் ஒப்படையுங்கள். மெட்டி எந்தப் பெட்டியில் என்று நூறு பேர் காத்திருக்கும்போது தேடுவதைத் தவிர்க்கலாம். ஒரு வாரம் முன்னால் இந்த ஐந்து பேரையும் மண்டபத்துக்கே கூட்டிப்போய், மெயின் சுவிட்ச், ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், சாவி எல்லாவற்றையும் காட்டி, ஒருவர் எண்ணை ஒருவர் வாங்கிக்கொள்ளச் செய்யுங்கள். முந்தின நாள் மதியம் உங்கள் இரண்டு போன்களையும் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வருகிற அழைப்பில் பத்துக்கு ஒன்பது "மண்டபம் எங்கே" என்பதுதான், அதற்கு அவரே பதில் சொல்வார்.

பாட்டுக் கச்சேரி வைத்தால், வெளியே கட்டும் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரைதான் அனுமதி. தெருவில் பேனர் வைக்கவே வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண பேனர் ஒன்று விழுந்து, வேலையிலிருந்து வீடு திரும்பிய இளம்பெண் உயிரிழந்தார். நம் சந்தோஷத்தால் இன்னொரு வீட்டில் அப்படி ஒரு துக்கம் விழக் கூடாது.

கடைசியாகப் பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் கல்யாணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் செய்ய வேண்டும், அதன் பிறகு இன்னும் 60 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம். சென்னைக்குப் போய்விட்டால் வேலை உங்களை விழுங்கிவிடும், ஆகவே திருச்சியிலேயே மண்டபம் இருக்கும் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த வாரமே முடித்துவிடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை முன்கூட்டியே தயார் செய்துவைக்கலாம். முகூர்த்த நாளாக இல்லாத ஒரு வேலைநாளில் போனால் கூட்டம் குறைவு. வயது, முகவரிச் சான்று, கல்யாணப் படம், பத்திரிகை எல்லாம் கேட்பார்கள், சாட்சிகளும் கூட வர வேண்டும். ஊர் திரும்ப அவசரம் இல்லாதவர்களாக இப்போதே பேசி வையுங்கள். பத்திரிகை அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் இருவரின் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட ஆசை என்றால் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம். மூன்று பத்திரிகையை அப்போதே எடுத்து, மண்டப ரசீதோடு ஒரே கவரில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவையுங்கள்.